அவளுக்கு நீங்கள் யார்?

கிறீச்...

பிரேக் அலறிய சத்தம் காதில் விழுந்தபோது ஆதிரை நடைபாதையில் முழங்கால் குத்தியிருந்தாள். நிமிர்வதற்குள் சைக்கிளின் கைப்பிடி தோளில் இடித்தது. மூக்கிலிருந்த கண்ணாடி பறந்தது. அடுத்த கணம் நனைந்த கல்லின் மேல் 'நொறுக்' என்றொரு சத்தம்.

போச்சு... கண்ணாடி போச்சு!

சைக்கிள்காரன் குதித்து இறங்கினான். ஜெர்மனில் படபடவென்று மன்னிப்புக் கேட்டான். அடிபட்டதா, இரத்தம் வருகிறதா, ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று ஒரே மூச்சில் கேட்டான். அவள் பதில் பேசாமல் தரையைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பித் தனக்குள் முணுமுணுத்தான்.

"கொட்டுற மழைக்குள்ளை பாதையிலை குந்தியிருந்து என்னத்தைத் தேடுதோ... விசர்ப் பெட்டை."

ஆதிரை தலையை உயர்த்தினாள்.

"விசர் எனக்கில்லைத் தம்பி. வாசலாலை வெளிக்கிடேக்கை மணி அடிக்கத் தெரியாத ஆக்களுக்குத்தான்."

அவன் வாய் பிளந்து நின்றான். மழை அவன் வாய்க்குள்ளேயே விழுந்திருக்கும்...

"நீங்கள்... தமிழோ?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"ஏசுற பாதி."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அவள் முன்னால் குந்தினான். "தம்பி எண்டுறீங்கள்? எனக்கு இருபத்திரண்டு வயது. நீங்கள் கதைக்கிறது எங்கட அப்பா கதைக்கிற மாதிரியே இருக்கு."

"நான் என்ரை அப்பாட்டை மட்டும்தான் தமிழ் படிச்சனான். அவர் கதைக்கிற மாதிரித்தான் வரும். என்ன செய்யிறது?"

"சரி, என்னைத் தெரியுதோ? கண்ணாடி இல்லாமல் ஒண்டும் தெரியாதோ?"

"தூரத்திலை இருக்கிற ஒண்டும் தெரியாது. கிட்ட இருக்கிறது மட்டும்தான் தெரியும்."

சொன்ன பிறகுதான் அவன் எவ்வளவு கிட்ட இருக்கிறான் என்பது அவளுக்கு உறைத்தது. மங்கலான உலகத்தில் அந்த முகம் மட்டும் தெளிவாக இருந்தது. இமை மயிரில் விழவா வேண்டாமா என்று யோசிப்பது போலத் தொங்கிய மழைத்துளி... அதன் பின்னால் அவளையே பார்த்த இரண்டு கறுத்த விழிகள்.

ஆதிரை சட்டென்று குனிந்து, கையிலிருந்த துணியால் தரையைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் அவனும் கீழே பார்த்தான். நடைபாதைக் கற்களுக்கு நடுவே உள்ளங்கை அளவில் மூன்று பித்தளைத் தகடுகள். மூன்றிலும் பெயர்கள். பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு, கொன்ற இடம்.

"அம்மாவின்ரை ஆக்கள் யூதர்," என்றாள் ஆதிரை மெல்ல. "என்ரை அம்மம்மாவின்ரை அம்மா இந்த வீட்டிலைதான் பிறந்தவ. அவவை மட்டும் சின்ன வயதிலை லண்டனுக்குக் கப்பலிலை அனுப்பிப்போட்டினம். இந்த மூண்டு பேரும் அவவின்ரை அப்பா, அம்மா, அக்கா. நவம்பரிலை இதைத் துடைச்சு வைக்கிறது வழக்கம். எங்கட வீட்டிலையிருந்து இதுக்காக வந்த முதல் ஆள் நான்தான்."

அவன் தகடுகளிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தான்.

"நான் சின்னனிலையிருந்து இந்த வீட்டு மாடியிலைதான் இருக்கிறன்," என்றான் கடைசியில். "ஒவ்வொரு நாளும் இதுக்கு மேலாலைதான் சைக்கிள் ஓடுறனான். ஒருநாளும் குனிஞ்சு வாசிக்கேல்லை."

துணியின் மறுமுனையைப் பிடித்து அவனும் துடைத்தான். மழை இருவரையும் நனைத்தது.

எழுந்தபோது உடைந்த கண்ணாடியைப் பொறுக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "நான் தாரகன். இதைச் சரி பண்ணித் தாறன். பயப்பிடாதேங்கோ... நான் கண்ணாடிக் கடையிலைதான் வேலை செய்யிறன்."

ஆதிரைக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. "கண்ணாடிக் கடையிலை வேலை செய்யிறவருக்கோ கண் தெரியேல்லை?"

*

லண்டனில் ஆதிரையோடு யூதப் பாடசாலையில் படித்தவர்கள் பல்கலைக்கழகம் போவதற்கு முன் ஒரு வருடம் வெளிநாட்டில் கழிப்பது வழக்கம். எல்லாரும் ஜெருசலேமுக்குப் போனார்கள். அங்கே படிப்பு, பயணம், கடற்கரை, புதிய நண்பர்கள். ஆதிரை மட்டும் "நான் ஜெர்மனிக்குப் போறன்" என்றாள்.

அம்மா ஜூடித் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போய்விட்டாள். அந்த நாட்டுச் சாமான் ஒன்றுகூட வாங்காத குடும்பம் அது. அப்பா கதிர்காமநாதன் மட்டும் கதவருகே நின்று, "உனக்கு ஒரு வருசம்தான் கிடைக்கும் பிள்ளை. போறதெண்டால் ஒரு நாளையும் சும்மா விடாதை" என்றார்.

அவள் விடவில்லை. எர்லாங்கன் நகரத்து ஓரத்திலிருந்த யூத முதியோர் இல்லத்தில் பகலெல்லாம் தொண்டு வேலை. அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசும் பாட்டிமார். அவர்களிடம் ரஷ்யப் பாட்டும் ஏச்சும் பழகினாள். சமையல்கட்டில் யூதரல்லாத மக்டலீன் என்ற ஜெர்மன்காரியோடு நின்று யூதரின் ஓய்வு நாளான சபாத்துக்குரிய பின்னல் ரொட்டி சுடப் பழகினாள். வீட்டில் அரைகுறையாகக் கடைப்பிடித்த சபாத்தை இந்த வருடம் முழுவதும் முறைப்படி பிடிப்பதென்று தனக்குத்தானே சத்தியம் செய்தாள். வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் சனிக்கிழமை இருட்டி விண்மீன் தெரியும்வரை போனும் இல்லை, லைட் சுவிட்சும் இல்லை, எந்தப் பொத்தானும் இல்லை.

எல்லாவற்றுக்கும் திட்டம் இருந்தது. தாரகன் மட்டும் எந்தத் திட்டத்திலும் இல்லை...

மறுநாள் கடைக்குப் போனாள். அவன் வெள்ளைச் சட்டையில், கையில் சின்ன அளவுகோலோடு, பெரிய மனிதன் போல நின்றான்.

"இஞ்சை இருங்கோ. கண்மணிகளுக்கு இடையிலை எவ்வளவு தூரமெண்டு அளக்கவேணும். அசையாதேங்கோ... என்ரை இடது கண்ணைப் பாருங்கோ."

பார்த்தாள்.

"இப்ப வலது கண்ணை."

பார்த்தாள். அளவுகோல் நடுங்கியது.

"நீங்கள்தான் அசையிறீங்கள்," என்றாள் ஆதிரை.

"இல்லை... உங்கட கண் என்ன நிறமெண்டு... அதுவும் எழுத வேணும்."

"அதை எழுதுற வழக்கமோ?"

"இல்லை," என்று ஒப்புக்கொண்டான். காது மடல் சிவந்திருந்தது. "தேன் மாதிரி இருக்கு. சும்மா சொன்னனான்."

அவன் அளவை மூன்று தரம் எடுத்தான். மூன்று தரமும் பிழைத்தது. நாலாவது தரம் கடை முதலாளியே வந்து அளந்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு எந்த வேலைக்கும் அவன் தேவைப்பட்டான். சைக்கிள் வாங்க, குளிருக்குச் சப்பாத்து வாங்க, ஜெர்மன் கடிதம் ஒன்று விளங்க... ஹனுக்கா என்ற யூதத் திருநாளுக்கு விளக்கேற்றிய நாட்களில் இல்லத்து வாசலில் காவலாளியிடம் அடையாள அட்டையைக் கொடுத்து, பையைத் திறந்து காட்டி, கைகளைத் தூக்கிச் சோதனைக்கு நின்று உள்ளே வந்தான். தன் அம்மா சுட்ட பருத்தித்துறை வடையை இதுவும் அந்தத் திருநாளுக்கு உண்கிற, எண்ணெயில் பொரித்த பண்டம்தான் என்று சொல்லி ரஷ்யப் பாட்டிமாருக்குப் பங்கு வைத்தான். அவன் பேச்சில் 'நீங்கள்' எப்போது 'நீர்' ஆனது என்று அவளுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் நன்றாகத் தெரிந்தது... வானத்தில் விண்மீன் வந்ததும் போனைத் திறந்தால் அவனுடைய செய்தி முதலில் நிற்கும்.

'விண்மீன் எண்ணி முடிஞ்சுதோ? நான் நாலு மணியிலையிருந்து வெளியிலைதான் நிக்கிறன். கழுத்து நோகுது.'

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. வீதியில் வாய் ஓயாமல் பகிடி விடுகிறவன் ரயிலில் ஏறினால் ஊமையாகிவிடுவான். தமிழில் ஒரு சொல் பேச மாட்டான். கதவருகே நின்று பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்ப்பான். பிறகுதான் உட்காருவான்.

ஏன் இப்படி? கேட்டால், "பழக்கம்" என்பான்.

*

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூரன்பெர்க்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் சூடு அதிகம். ஆதிரை கழுத்துச் சால்வையைக் கழற்றினாள். வெள்ளிச் சங்கிலியில் தொங்கிய யூதரின் அடையாளமான சின்னத் தாவீதின் நட்சத்திரம் வெளியே வந்து விழுந்தது.

எதிர்ப்பக்கம் இருந்த இரண்டு ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

தாரகன் அதைக் கண்டான். அவன் உடம்பு விறைத்ததை அவள் தோள் உணர்ந்தது.

"அதை உள்ளுக்கை போடும்," என்றான் உதடு அசையாமல்.

"என்ன?"

"சங்கிலியை. உள்ளுக்கை போடும்... கெதியா."

அவள் போடவில்லை. ஒருவன் எழுந்து வந்து இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மதுவாடை. நட்சத்திரத்தைப் பார்த்து ஏதோ சொன்னான். அவளுடைய ஜெர்மன் இன்னும் அரைகுறைதான்... ஆனால் அந்தச் சொற்களை விளங்கிக்கொள்ள எந்த அகராதியும் தேவைப்படவில்லை. மற்றவன் சிரித்தான். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

தாரகன் ஏதாவது சொல்வான்... இப்போது சொல்வான்...

தாரகன் எழுந்தான். அவர்கள் முகத்தைப் பார்க்காமலே அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ரயில் நின்றதும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். கதவு மூடியது. உள்ளே இருந்தவன் கண்ணாடியைத் தட்டிக் கையசைத்தபடி போனான்.

ஆளில்லாத மேடையில் காற்று ஊதியது.

"கையை விடுங்கோ!"

விட்டான்.

"ஒரு சொல்லுகூட உங்களுக்கு வாயிலை வரேல்லையோ? ஒரு சொல்லு?"

"சொல்லி? அவங்கள் ரெண்டு பேர். குடிச்சிருந்தவங்கள். உமக்கு ஒண்டு நடந்திருந்தால்?"

"மறைச்சு வை, பேசாமல் இரு, இறங்கிப் போ... உங்கட வீட்டு வாசலிலை பேர் கிடக்கிற அந்த மூண்டு பேருக்கும் இதைத்தான் தாரகன் எல்லாரும் சொன்னவை! நல்ல மனுசர்தான் சொன்னவை!"

அவன் முகம் வெளுத்தது. அவள் சொன்னது ஆழமாக இறங்கிவிட்டது. அதனால்தான் அவனும் திருப்பி ஆழமாகக் குத்தினான்.

"உமக்கென்ன? உமக்கு இது ஒரு வருசம். ரொட்டி சுட்டாச்சு, ரஷ்யப் பாட்டுப் படிச்சாச்சு, ரயிலிலை வீரமும் காட்டியாச்சு. ஜூலையிலை பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிடுவீர். நான் நாளைக்குக் காலமையும் இந்த ரயிலிலைதான் போகவேணும். இந்தத் தோலோடை... வாழ்நாள் முழுக்க." மூச்சு வாங்கினான். "நானும் அப்பிடி ஒரு சாமான்தானோ? ஊருக்குப் போய்ச் சொல்லுறதுக்கு ஒரு தமிழ்ப் பெடியன்?"

'இல்லை' என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்வதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. இவன் முன்னால் அழுவதா? திரும்பி நடந்தாள்.

அவன் பின்னால் வந்தான், பத்தடி தள்ளி. அவள் அடுத்த ரயிலில் ஏறும்வரை, இறங்கி வீட்டுக் கதவைத் திறக்கும்வரை அந்தத் தூரத்திலேயே வந்தான். கூப்பிடவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

*

பெண்ணைத் தனியே அனுப்பினால் கதைகள் தாயின் காதுக்குத்தான் முதலில் போகும். ஆதிரை நடந்ததைத் தன்னை அனுப்பிய தொண்டு நிறுவனத்தாரிடம் முறையிட, அவர்கள் தாரகன் கூட இருந்ததையும் சேர்த்து லண்டனுக்கு அறிவித்துவிட்டார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்," என்றாள் அம்மா போனில், ஆங்கிலத்தில். குரல் நடுங்கியது. "வீட்டுக்கு வா நவோமி." அம்மா மட்டும் கூப்பிடும் பெயர் அது.

"அம்மா, இன்னும் பாதி வருடம் இருக்கிறது..."

"அந்தப் பையனாலா? உன் குரலிலேயே தெரிகிறது. நான் உன் அப்பாவைக் காதலித்தேன். அதற்காக என் அப்பாவை இழந்தேன். நீ பிறந்தபோதுகூட அவர் வரவில்லை. உன் அப்பாவைக் கட்டியதற்காக ஒரு நாளும் நான் வருந்தியதில்லை. ஆனால் அந்த வலி உனக்கு வேண்டாம்."

ஆதிரை போனை வைத்துவிட்டு இருட்டும்வரை அப்படியே இருந்தாள். போய்விடலாமா? போனால் எல்லாம் முடிந்துவிடும்... பயமும், கோபமும், அந்தக் கறுத்த விழிகளும். அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அவளும் அனுப்பவில்லை. யார் முதலில் என்ற வீம்பு இருவருக்கும் நடுவில் கல்லாகக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு அம்மா வந்து நேரே முன்னால் நின்றார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்யும் சீருடை. நேசமலர்... தாரகனின் தாய். ஹனுக்கா வடை எடுக்கப் போனபோது ஒருமுறை பார்த்த முகம்.

"என்ன பிள்ளை செய்தனீர் என்ரை மகனை?" என்றார் எடுத்த எடுப்பில். "சாப்பிடுறானில்லை. கதைக்கிறானில்லை. கேட்டால் சுவரைப் பாக்கிறான்."

"நான் ஒண்டும் செய்யேல்லை அன்ரி... நான் ஞாயிற்றுக்கிழமை லண்டனுக்குத் திரும்பிப் போறன்."

நேசமலர் கைப்பையை இறுக்கிப் பிடித்தார். "உள்ளதைச் சொல்லுறன். எனக்கு இதிலை விருப்பமில்லை. கோயிலிலை வைச்சுத் தாலி கட்டுற ஒரு மருமகள்தான் எனக்கு வேணும். நீர் போறது நல்லதெண்டுதான் நினைக்கிறன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அவனைக் கோழை எண்டு நினைச்சுக்கொண்டு மட்டும் போகாதையும்."

"அப்பிடி..."

"அவன் சின்னப் பெடியனா இருக்கேக்கை ரயிலிலை அப்பாவோடை சத்தமாத் தமிழ் கதைச்சுச் சிரிச்சுக்கொண்டு வந்தவன். அது பொறுக்காமல் நாலு பேர் எழும்பி வந்தவங்கள். அவர் 'என்ன வேணும்' எண்டு திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான்... பிள்ளைக்கு முன்னாலை வைச்சு அடிச்சாங்கள். அவருக்கு இண்டைக்கும் ஒரு காது கேளாது. அண்டைக்குப் பிறகு இவன் ரயிலிலை வாய் திறக்கிறதில்லை. தான் கதைச்சதாலைதான் அப்பாவுக்கு அடி விழுந்ததெண்டு அவன்ரை நினைப்பு. எவ்வளவு சொல்லியும் கேக்கிறானில்லை."

பஸ் வந்தது. ஆதிரை ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

பழக்கம் என்று சொன்னானே... பாவி... இதையா பழக்கம் என்றாய்?

"அவரிட்டை நான் கதைக்கவேணும் அன்ரி."

"அது உங்கட பாடு," என்றார் நேசமலர். ஆனால் போகும்போது அவளுடைய சால்வையைச் சரியாகச் சுற்றிவிட்டுப் போனார்.

*

அன்று பகல் முழுக்கப் போனை எடுத்தாள், வைத்தாள். 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ' என்று எழுதினாள். போதாது போலிருந்தது. அழித்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை எப்படித் தட்டச்சுவது? அதற்குள் இல்லத்தில் வேலை குவிந்தது... மேசை விரிப்பு, கிண்ணங்கள், திராட்சை ரசம். ஜன்னலுக்கு வெளியே மழையோடு பொழுதும் சாய்ந்தது. மெழுகுதிரிகளை ஏற்றி, கண்களை மூடி ஆசீர்வாதம் சொல்லிக் கையை எடுத்தபோது சபாத் தொடங்கிவிட்டது. போன் அணைந்து அலமாரிக்குள் கிடந்தது.

இனி நாளை இரவுதான். மறுநாள் காலை விமானம்.

மக்டலீன் சூப்பைப் பரிமாறத் தொடங்கியபோது சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. வாசல் காவலாளி.

"ஒருவர் வந்திருக்கிறார். ஆதிரை என்பவரைப் பார்க்க வேண்டுமாம்."

கையிலிருந்த ரொட்டித் தட்டு மேசையில் 'டங்' என்று இறங்கியது. மேசையைச் சுற்றியிருந்த பாட்டிமார் எல்லோரும் கரண்டியை நிறுத்தினார்கள்.

"இந்த நேரத்தில் உறவினர்களைத்தான் விடலாம்," என்றாள் மக்டலீன் பொத்தானை அழுத்தி. "யாரென்று கேளுங்கள்."

காவலாளி தன் பக்கத்துப் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்திருக்க வேண்டும். மழைச் சத்தத்தோடு வாசலில் பேசியதெல்லாம் சாப்பாட்டு அறைக்குள் விழுந்தது.

"நீங்கள் அவருக்கு உறவினரா?"

"இல்லை." தாரகனின் குரல். மூச்சிரைத்தது.

"நண்பரா?"

"இருந்தேன்... இப்போது சண்டை."

ஒரு பாட்டி களுக்கென்று சிரித்தார். ஆதிரையால் சிரிக்க முடியவில்லை.

"அப்படியென்றால் திங்கட்கிழமை வாருங்கள்."

"ஏலாது!" அவசரத்தில் தமிழ் வந்துவிட்டது. உடனே ஜெர்மனுக்குத் தாவினான். "முடியாது ஐயா. ஞாயிறு அவள் போய்விடுவாள் என்று என் அம்மா சொன்னார். எனக்கு ஐந்து நிமிடம் போதும்."

"தம்பி, சட்டம் சட்டம்தான். இந்த வாசலில் ஏன் காவல் போட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் புத்தகத்தில் எழுத வேண்டும். உறவினரும் இல்லை, நண்பரும் இல்லை. பிறகு அவளுக்கு நீங்கள் யார்?"

ஒலிபெருக்கியில் மழை மட்டும் கேட்டது. நீண்ட... மிக நீண்ட மழை.

சொல்லாமல் போய்விடுவான், என்று நினைத்தாள் ஆதிரை. மேசை விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. இவனுக்கு வாய் வராது. யாரோ கேட்கும் இடத்தில் இவன் வாய் திறக்க மாட்டான்...

"அவளுக்கு நான் யாரென்று தெரியாது," என்றான் தாரகன். குரல் நடுங்கியது, ஆனால் உயர்ந்திருந்தது. வாசலுக்கு வெளியே வீதிக்கே கேட்கும் குரல். "எனக்கு அவள் யாரென்று தெரியும். நான் அவளைக் காதலிக்கிறேன். பயத்தில் அன்றைக்குப் பேசாமல் இருந்தேன். இனிமேலும் பயப்படுவேன்தான்... ஆனால் பேசாமல் இருக்க மாட்டேன். இதை அவளிடம் சொல்ல வேண்டும். இதை எழுத இடம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்."

சாப்பாட்டு அறையில் தலைகள் எல்லாம் ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பின.

"என்ன சொல்கிறான்?" என்று காது மந்தமான ஒரு பாட்டி ரஷ்ய மொழியில் உரக்கக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் அதைவிட உரக்க மொழிபெயர்த்தார்.

மக்டலீன் ஒலிபெருக்கியருகே போய் ஆதிரையைத் திரும்பிப் பார்த்தாள். "நான் அழுத்தட்டுமா? என்ன சொல்ல?"

ஆதிரையின் விரல் தானாக உயர்ந்தது. சபாத்... தொடக்கூடாது. இன்னொருத்தியின் வாயால் சொல்லவோ மனமில்லை. ஒரு கணம்தான் நின்றாள். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். நடைவழி, படிகள், முற்றம்... மேலங்கியும் இல்லாமல் மழைக்குள் பாய்ந்தாள்.

வாசல் விளக்கின் கீழே காவலாளி அதற்குள் சோதனைக் கருவியைக் கையில் எடுத்திருந்தார். அவனை உள்ளே விட்டுவிடுவதென்று முடிவு செய்துவிட்டார் போலும். தாரகன் இரண்டு கைகளையும் தூக்கியபடி முழுக்க நனைந்து நின்றான். அவளைக் கண்டதும் கையை இறக்கத் தெரியவில்லை.

"உள்ளுக்கை... கேட்டதோ?" என்றான்.

"எல்லாருக்கும் கேட்டது. காது கேளாத ஆக்களுக்கும் கேட்டது."

"ஐயோ."

"தாரகன்..." மூச்சு வாங்கியது. "உங்கட அம்மா எல்லாம் சொன்னவ. அப்பாவைப் பற்றி... நான் ஒண்டும் தெரியாமல் அண்டைக்குக் கத்திப்போட்டன். என்னை மன்னிப்பீங்களோ?"

"நீர் சொன்னதிலை பிழை இல்லை. நான்தான் உம்மை ஊர் பாக்க வந்த ஆள் மாதிரிக் கதைச்சிட்டன்."

"அதுவும் முழுப் பிழை இல்லை." மழையோடு கண்ணீரும் வழிந்தது. துடைக்கவில்லை. "ஒரு நாளும் வீணாப் போகக்கூடாதெண்டு வந்தனான். எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போகப் பாத்தன். ஆனா உங்களை... உங்களை அப்பிடிக் கொண்டுபோக ஏலாது. உங்களை விட்டிட்டுப் போகவும் ஏலாது. எனக்கும் உங்களிலை விருப்பம் தாரகன். அந்த மூக்குக்கண்ணாடி நொறுங்கின அண்டையிலிருந்து... கனக்க விருப்பம்."

அவன் மெல்லக் காவலாளியின் பக்கம் திரும்பினான். "ஐயா, நான் கையைக் கீழே போடலாமா?"

காவலாளி கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவசரமாக வீதியின் மறுபக்கம் பார்த்தார். "போடலாம்."

கைகள் இறங்கின. இறங்கிய கைகள் அவளுடைய குளிர்ந்த விரல்களைத் தேடிப் பிடித்தன.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை?"

"போகேல்லை. நாளைக்கு இருட்டினதும் அம்மாவோடை கதைக்கப் போறன். அவ அழுவா. நானும் அழுவன். ஆனா போகேல்லை."

"எங்கட அம்மாவும் லேசான ஆள் இல்லை."

"தெரியும். மூஞ்சைக்கு நேரேயே சொல்லிப்போட்டா."

"ஜூலை வந்தால்?"

"தெரியாது," என்றாள் ஆதிரை. உண்மையாகவே தெரியாது. "நீங்கள் லண்டனுக்கு வருவீங்களோ, நான் இஞ்சை படிக்க வருவனோ... ஒண்டும் தெரியாது. பயமா இருக்கோ?"

"ஓம்," என்றான் தாரகன். அவள் விரல்களை இன்னும் இறுக்கினான். "சரியான பயம்."

"எனக்கும்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். மேலே சாப்பாட்டு அறை ஜன்னலில் ஏழெட்டு நரைத்த தலைகள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றன. சூப் ஆறுகிறது என்று மக்டலீன் கதவைத் திறந்து கத்தினாள். அவன் நனைந்த மேலங்கியைக் கழற்றி அவள் தலைக்கு மேல் பிடித்தான். முற்றத்தைக் கடக்கும்போது, மாடிக்கே கேட்கும்படி, தமிழில் சத்தமாக, அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தான்.